பெருநகரில் சில நாள் தங்குவோர் பயண அட்டையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிய பெருநகர் ஒன்றின் விமான நிலையத்தில் இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்து ரயில் நிலையத்தின் டிக்கெட் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள், பயண அட்டையைத் தேர்ந்தெடுப்பதற்குச் சற்றும் பொருந்தாத நேரம். தூக்கம் கெட்ட கண்களுக்குத் திரையில் ஏழெட்டு அட்டைகளின் பெயர்கள் தெரியும். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். எதையாவது வாங்கிக்கொண்டு நகர்ந்தால் போதும் என்ற அவசரத்தில் விரல் பெரும்பாலும் ‘சுற்றுலாப் பயணிகளுக்கு’ என்று எழுதியிருக்கும் பொத்தானையே தொடும். அந்த அட்டை சிலருக்குப் பொருந்தவும் செய்யும். ஆனால், உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே, ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அந்த அரை மணி நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நாட்களை எழுதுங்கள்

அட்டைகளின் விலைப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பு, தங்கப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி ஒதுக்கி, அன்றைக்கு எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்பதை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக ஒரு நாள்: காலையில் விடுதியிலிருந்து அருங்காட்சியகத்துக்கு மெட்ரோ, உள்ளே மூன்று மணி நேரம், அங்கிருந்து பழைய நகரத் தெருக்கள் வழியாக ஆற்றங்கரைக்கு நடை, மாலையில் பேருந்தில் ஒரு பூங்கா, இரவு மெட்ரோவில் விடுதி. நாள் முழுவதும் அலைந்தது போலத் தோன்றினாலும் வண்டி ஏறியது மூன்றே தடவைதான். அந்த நகரின் ஒரு நாள் பாஸ் நான்கு ஒற்றைப் பயணங்களின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், பாஸ் வாங்கியவர் அன்று ஒரு பயணத்தின் கட்டணத்தைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அப்படி மூன்று நாள் கழிந்தால் மூன்று பயணங்களின் பணம் போய்விடும். பெருநகரங்களில் பார்க்க வேண்டிய இடங்கள் பலவும் நடந்து போகும் தொலைவில் அடுத்தடுத்து இருப்பதால், திட்டமிடும்போது நாம் வண்டி ஏறும் தடவைகளைக் கூடுதலாகவே மதிப்பிட்டுவிடுகிறோம்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எண்ண வேண்டியது வண்டி மாறும் தடவைகளை அல்ல, கட்டணம் எடுக்கப்படும் தடவைகளை. லண்டனில் முதல் பேருந்தில் ஏறி அட்டையைக் காட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம்தான். நியூயார்க்கில் சுரங்க ரயிலிலிருந்து இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளூர்ப் பேருந்தில் ஏறினால் அது இலவசம். சியோலில் பகல் நேரத்தில் 30 நிமிடங்களுக்குள் வண்டி மாறினால் இரண்டு பயணங்களும் ஒன்றாகக் கணக்கிடப்படும். இத்தகைய சலுகைகள் அட்டையைப் பயன்படுத்துவோருக்கே கிடைக்கின்றன என்பதால், காகித டிக்கெட்டை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது தங்கள் முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

கிடைக்கக்கூடிய வகைகள்

பெயர்கள் நகருக்கு நகர் மாறினாலும் அடிப்படையில் வகைகள் சிலவே. முதலாவது, ஒற்றைப் பயண டிக்கெட்; ஒரு நாளில் ஒரே ஒரு தடவை ரயில் ஏறுபவருக்கு இது போதும். இரண்டாவது, முன்கூட்டிப் பணம் போட்டு வைத்து, ஏற ஏறக் கழித்துக்கொள்ளும் இருப்புத்தொகை அட்டை. ஹாங்காங்கில் 1997-இல் வந்த ஆக்டோபஸ், டோக்கியோவில் 2001-இல் வந்த சுயிகா, லண்டனில் 2003-இல் வந்த ஆய்ஸ்டர், சியோலின் டி-மணி, சிங்கப்பூரின் ஈஸி-லிங்க் ஆகியவை இந்த வகை. மூன்றாவது, இத்தனை மணி நேரம் அல்லது இத்தனை நாள் என்று காலம் குறித்து விற்கப்படும் பாஸ். நான்காவது, தனியாக எந்த அட்டையும் வாங்காமல் நம் வங்கி அட்டையையோ கைப்பேசியையோ நேரடியாகக் கருவியில் தட்டிவிட்டுப் போவது. லண்டன் பேருந்துகளில் 2012-இலும் சுரங்க ரயிலில் 2014-இலும் வந்த இந்த முறை, நியூயார்க்கில் 2019 முதல் ஓம்னி என்ற பெயரில் பரவியது. நெதர்லாந்தில் இப்போது நாடு முழுவதற்கும் பொருந்துகிறது. அருங்காட்சியக நுழைவுச் சீட்டுகளையும் பயணத்தையும் சேர்த்து விற்கும் சுற்றுலா அட்டைகளும் உண்டு. அவற்றை வாங்குவதற்கு முன்பு, அந்தப் பட்டியலில் உள்ள இடங்களில் நீங்கள் உண்மையாகவே போகப்போகிறவற்றின் நுழைவுக் கட்டணத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். போகக்கூடும் என்று தோன்றும் இடங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நான்கு அல்லது ஐந்து நாள் மட்டும் தங்கும் பெரும்பாலோருக்கு இருப்புத்தொகை அட்டை அல்லது வங்கி அட்டை என்ற இரண்டில் ஒன்றே போதும் என்பது என் உறுதியான கருத்து. பாஸ் வாங்கியவர் ‘வாங்கிவிட்டோமே’ என்பதற்காக நடக்கக்கூடிய தூரத்துக்கும் சுரங்கப் படிகளில் இறங்கி ஏறுகிறார். அட்டையில் பணம் வைத்திருப்பவர் கால் வலித்தால் வண்டி ஏறுகிறார், தெரு அழகாக இருந்தால் நடக்கிறார்.

உச்சவரம்பு உள்ள நகரில் பாஸ் தேவையா?

நகரைப் பற்றித் தேடும்போது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, அங்கே கட்டண உச்சவரம்பு உண்டா என்பது. உச்சவரம்பு என்றால், ஒரு நாளிலோ வாரத்திலோ நீங்கள் செலுத்தும் கட்டணம் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தொட்டதும், அதற்குப் பிறகு எத்தனை தடவை ஏறினாலும் பணம் எடுக்கப்படாது என்று பொருள். லண்டனில் நாள் வரம்பும், திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வார வரம்பும் இருக்கின்றன. நியூயார்க்கில் 2022-இல் கொண்டுவரப்பட்ட முறைப்படி, ஒரே அட்டையில் ஒரு வாரத்துக்குள் 12 பயணங்களுக்குப் பணம் கட்டியவருக்கு அந்த வாரத்தின் மீதிப் பயணங்கள் இலவசமாயின. சிட்னியின் ஓபல் அட்டையிலும் நாள் வரம்பும் வார வரம்பும் உண்டு.

இத்தகைய நகரில் நாள் பாஸை முன்கூட்டி வாங்குவதற்குப் பெரும்பாலும் காரணமே இல்லை. நிறைய ஏறினால் வரம்பு உங்களைக் காப்பாற்றும், குறைவாக ஏறினால் ஏறியதற்கு மட்டும் பணம் போகும். ஆனால், இந்தக் கணக்கு சரியாக நடக்க வேண்டுமானால் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே பொருளையே தட்ட வேண்டும். காலையில் பிளாஸ்டிக் அட்டையையும் மாலையில் அதே வங்கிக் கணக்கு இணைக்கப்பட்ட கைப்பேசியையும் தட்டினால், பணம் ஒரே கணக்கிலிருந்து போனாலும் கருவிக்கு அவை இரண்டு வெவ்வேறு பயணிகள். இரண்டு தனித்தனி வரம்புகள் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுமே எட்டப்படாமல் நாள் முடிந்துவிடும்.

பாஸ் வாங்குவதென்றால்

உச்சவரம்பு இல்லாத நகரில், அதுவும் நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை ஏறும் திட்டம் இருந்தால், பாஸ் நல்ல தேர்வுதான். அப்போது பாஸின் ‘நாள்’ என்பது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். டோக்கியோவின் சுரங்க ரயில் டிக்கெட் 24, 48, 72 மணி நேரம் என்ற கணக்கில் விற்கப்படுகிறது. மாலை ஆறு மணிக்கு முதன்முதலாகப் பயன்படுத்தினால் மறுநாள் மாலை ஆறு வரை ஒரு நாள். பாரிஸின் ‘பாரி விசிட்’ பாஸோ காலண்டர் நாளை, அதாவது தேதியைக் கணக்கில் கொள்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு நகரில், இரவு எட்டரை மணிக்கு வந்திறங்கிய களைப்பில் மூன்று நாள் பாஸ் ஒன்றை வாங்கி, அப்போதே வாயிலில் செருகிவிட்டேன். விடுதி வரை போன அந்த இருபது நிமிடப் பயணத்துக்கு ஒரு முழு நாள் கழிந்துவிட்டது என்பது, மூன்றாம் நாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலையில் வாயில் திறக்க மறுத்தபோதுதான் தெரிந்தது. காலண்டர் நாள் பாஸாக இருந்தால், வந்திறங்கும் இரவுக்கு ஒற்றை டிக்கெட் வாங்குங்கள். பாஸை மறுநாள் காலையில் தொடங்குங்கள்.

வார பாஸிலும் இதே சிக்கல் உண்டு. பாரிஸின் நவிகோ வார பாஸ், நீங்கள் எந்த நாளில் வாங்கினாலும் திங்கள் முதல் ஞாயிறு வரைக்குமே செல்லும். நடப்பு வாரத்துக்கான பாஸை வியாழன் வரை வாங்கலாம். வெள்ளியிலிருந்து அடுத்த வாரத்துக்கு உரியதைத்தான் விற்பார்கள். ஆகவே, திங்களன்று வந்து சனியன்று கிளம்புகிறவருக்கு அது மிகச் சிறந்த பாஸ். வியாழனன்று வந்து புதனன்று கிளம்புகிறவருக்கு அதே பாஸ் வீண். தங்கும் நாட்களின் எண்ணிக்கை இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். மேலும், அந்தப் பாஸை ஏற்றுவதற்கு வாங்கும் அட்டையில் உங்கள் புகைப்படத்தை ஒட்ட வேண்டும். எனவே சிறிய அளவுப் புகைப்படம் ஒன்றைப் பணப்பையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

ஜெர்மனியில் 2023 மே மாதம் வந்த நாடு தழுவிய மாதாந்திரச் சீட்டைப் போன்றவற்றில் வேறொரு எச்சரிக்கை தேவை. அது சந்தா முறையில் விற்கப்படுவதால், நீங்கள் முறையாக ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போகும். வாங்கும் அன்றே ரத்து செய்யும் கடைசித் தேதியைக் கைப்பேசியில் நினைவூட்டலாகப் பதிந்துவிடுங்கள்.

மண்டலமும் நிறுவனமும்

அட்டை எங்கே செல்லும் என்பதை இரண்டு கோடுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, நகரை வளையம் வளையமாகப் பிரிக்கும் கட்டண மண்டலக் கோடு. பெர்லினில் நகருக்குள் சுற்ற ஏ, பி மண்டலங்களுக்கான டிக்கெட் போதும். விமான நிலையமோ சி மண்டலத்தில் இருக்கிறது. தங்கும் நாட்கள் முழுவதற்கும் மூன்று மண்டல பாஸ் வாங்குவதைவிட, இரண்டு மண்டல பாஸுடன் விமான நிலையப் பயணத்துக்கு மட்டும் கூடுதல் டிக்கெட் எடுப்பது பெரும்பாலும் சிக்கனமாக இருக்கும். விடுதியை முன்பதிவு செய்யும்போதே அது எந்த மண்டலத்தில் உள்ளது என்று பார்த்துவிடுங்கள். எல்லைக்கு ஒரு நிலையம் வெளியே இருக்கும் மலிவான அறை, தினமும் இரண்டு தடவை கூடுதல் கட்டணத்தை வாங்கிவிடும்.

மற்றொன்று, நிறுவனங்களுக்கு இடையிலான கோடு. இது வரைபடத்தில் எளிதில் தெரியாது என்பதால் இதில்தான் மக்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மேலே சொன்ன டோக்கியோ சுரங்க ரயில் டிக்கெட், டோக்கியோ மெட்ரோ, டோயே என்ற இரண்டு நிறுவனங்களின் 13 தடங்களுக்குச் செல்லும். நகரின் முக்கிய நிலையங்களை வளையமாக இணைக்கும் யமனோட்டே தடத்தை நடத்துவது ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிறுவனம். அதில் அந்த டிக்கெட் செல்லாது. அதுபோலவே, ஜேஆர் பாஸை வைத்துக்கொண்டு மெட்ரோவில் ஏற முடியாது. சுயிகா அல்லது பாஸ்மோ அட்டை வைத்திருப்பவருக்கோ இந்தக் கவலை இல்லை. இரண்டு பக்கமும் பணம் கழிந்துகொள்ளும். 2013-க்குப் பிறகு ஜப்பானின் பத்து முக்கிய அட்டைகள் ஒன்றின் பகுதியில் மற்றொன்று செல்லும்படி இணைக்கப்பட்டிருப்பதால், டோக்கியோவில் வாங்கியதையே ஒசாகாவிலும் பயன்படுத்தலாம்.

விமான நிலைய ரயில் தனிக் கதை. நியூயார்க்கின் கென்னடி விமான நிலைய ரயிலுக்குக் கட்டணம் தனி. சிட்னி விமான நிலையத்தின் நிலையங்களில் பயணக் கட்டணத்தோடு நிலைய நுழைவுக் கட்டணமும் சேரும். லண்டனின் ஹீத்ரோவிலிருந்து நகருக்குப் பிக்காடில்லி தடம், எலிசபெத் தடம், ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் என்று மூன்று ரயில்கள் கிளம்புகின்றன; மூன்றிலும் அதே அட்டையைத் தட்டலாம், ஆனால் கட்டணம் வெவ்வேறு. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் கட்டணம் நாள் வரம்புக்குள் அடங்குவதும் இல்லை. கருவி அட்டையை ஏற்றுக்கொண்டது என்பதற்காக, நீங்கள் நினைத்த கட்டணம்தான் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தட்டும் முறை

ஏறும்போது மட்டும் தட்ட வேண்டுமா, இறங்கும்போதும் தட்ட வேண்டுமா என்பதை அட்டை வாங்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள். லண்டன் பேருந்தில் ஏறும்போது மட்டும். லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு முனையிலும். சிங்கப்பூர்ப் பேருந்திலும் சியோல் பேருந்திலும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். சிங்கப்பூரில் தட்ட மறந்து இறங்கினால் அந்தப் பேருந்து கடைசி வரை போகும் தூரத்துக்கான கட்டணம் போய்விடும்; சியோலில் வண்டி மாறும் சலுகை கிடைக்காது. இஸ்தான்புல்லில் தனித் தடத்தில் ஓடும் பேருந்தான மெட்ரோபஸ்ஸில், ஏறும்போது முழுத் தூரத்துக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு, இறங்கும் நிலையத்திலுள்ள தனிக் கருவியில் தட்டினால் பயணம் செய்யாத தூரத்தின் பணத்தைத் திருப்பி ஏற்றுகிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக வெளியேறும் புதியவர்கள் அந்தக் கருவியைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

தானியங்கி வாயில் இல்லாத நிலையங்களில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். நடைமேடை ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பமும் அதன்மேல் வட்டக் கருவியும் நிற்கும். தடுப்பு எதுவும் இல்லாததால் நேராக நடந்து போய்விடலாம் போலத் தோன்றும். தட்டாமல் போனால் பயணம் முடியாததாகப் பதிவாகி, லண்டன் போன்ற நகரங்களில் அதிகபட்சக் கட்டணம் கழியும். பெர்லினில் வாயில்களே இல்லை. நடைமேடையில் வாங்கிய காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பு அங்கேயுள்ள சிறு இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் முத்திரை இல்லாத டிக்கெட்டைக் காட்டினால், டிக்கெட் இல்லாதவருக்கு உரிய அபராதம்தான்.

பணப்பையை அப்படியே கருவியில் வைப்பதைத் தவிருங்கள். உள்ளே இரண்டு வங்கி அட்டைகளும் ஒரு பயண அட்டையும் இருந்தால், கருவி எதைப் படிக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ஏறும்போது ஒன்றையும் இறங்கும்போது மற்றொன்றையும் படித்தால் இரண்டிலும் முடிவடையாத பயணங்கள் பதிவாகும். பயணத்துக்கான அட்டையை மட்டும் தனியாக ஒரு சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு போகும்போது

பெரும்பாலான நகரங்களில் ஒருவருக்கு ஓர் அட்டை என்பதே விதி. இஸ்தான்புல்லில் ஒரே அட்டையைப் பலருக்காக அடுத்தடுத்துத் தட்டலாம்; நியூயார்க்கிலும் முடியும், ஆனால் இரண்டாமவருக்காகத் தட்டியது வாரக் கணக்கில் சேராது. குழந்தைகளைப் பொறுத்தவரை வங்கி அட்டை ஏற்றதல்ல, ஏனென்றால் அதைத் தட்டுபவரைக் கருவி பெரியவராகவே கொள்ளும். லண்டன் சுரங்க ரயிலில் 11 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் நால்வர் வரை, கட்டணம் செலுத்தும் பெரியவருடன் இலவசமாகப் போகலாம். 11 முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்கு ஆய்ஸ்டர் அட்டையில் சலுகைக் கட்டணத்தைப் பதிந்து தரும்படி நிலைய ஊழியரிடம் கேட்க வேண்டும். நியூயார்க்கில் வயதுக்குப் பதிலாக உயரம் பார்க்கிறார்கள். 44 அங்குலம் வரையுள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை. டோக்கியோவில் குழந்தைகளுக்கான சுயிகா வாங்க, கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி வயதை நிரூபிக்க வேண்டும் என்பதால், அதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் கைப்பேசியில் பயணச் செயலியை நிறுவிக் கொடுப்பதைவிட, கையில் பிடிக்கக்கூடிய ஓர் அட்டையைக் கொடுங்கள். வாயிலில் நின்று கைப்பேசியைத் திறந்து, கடவுச்சொல்லை நினைவுகூர்ந்து, பின்னால் நிற்பவர்களின் அவசரத்தையும் தாங்க வேண்டிய நிலை அவர்களுக்கு வரக் கூடாது. கூட்டத்தில் பிரிந்துவிட்டாலும், பணமுள்ள அட்டை கையில் இருந்தால் அவர்கள் விடுதிக்குத் திரும்பிவிட முடியும்.

வைப்புத்தொகை, மீதிப்பணம், வங்கிக் கட்டணம்

அட்டைக்காகக் கொடுக்கும் தொகை திரும்பக் கிடைக்குமா என்பதையும் கணக்கில் சேருங்கள். சாதாரண சுயிகாவுக்கு வைப்புத்தொகை உண்டு, திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுயிகாவுக்கு வைப்புத்தொகை இல்லை, ஆனால் 28 நாட்களில் அது காலாவதியாகிவிடும். உள்ளே மிஞ்சும் பணமும் திரும்பாது. ஆய்ஸ்டர் அட்டையின் விலை 2022 செப்டம்பருக்குப் பிறகு திருப்பித் தரப்படுவதில்லை. எனவே அங்கே இரண்டு மூன்று நாள் மட்டும் இருப்பவருக்கு வங்கி அட்டையே மேல்.

வங்கி அட்டைக்கும் செலவு உண்டு. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு உங்கள் வங்கி எத்தனை சதவீதம் பிடிக்கும் என்று கேளுங்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டு வங்கி அட்டையால் பயணம் செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிர்வாகக் கட்டணம் சேர்கிறது. அங்கே ஒரு நாளைக்கு மேல் தங்கினால் உள்ளூர் அட்டையின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கைப்பேசியைத் தட்டுவதென்றால், இரவு திரும்பும்போது அதில் மின்சாரம் இருக்க வேண்டும். பரிசோதகர் வரும் நேரத்தில் அணைந்துபோன கைப்பேசியை டிக்கெட் என்று காட்ட முடியாது.

எந்த அட்டையாக இருந்தாலும், கொஞ்சம் உள்ளூர்ப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். சில நகரங்களின் ரீசார்ஜ் இயந்திரங்கள் ரொக்கத்தை மட்டுமே வாங்குகின்றன. எதிர்ப்புறமாக, லண்டன் பேருந்துகள் 2014 ஜூலை முதல் ரொக்கத்தை வாங்குவதே இல்லை. முதல் தடவை இரண்டு நாளுக்குத் தேவையான தொகையை மட்டும் ஏற்றி, செலவாகும் வேகத்தைப் பார்த்த பிறகு மேலும் ஏற்றுவது, கடைசி நாளில் பெரிய தொகை மிஞ்சாமல் இருக்க உதவும்.

கிளம்பும் நாளில் இருப்பைப் பார்த்து, திருப்பித் தரக்கூடிய அட்டையானால் எந்தக் கவுண்டரில், எத்தனை மணி வரை என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். ஹாங்காங்கில் விமான நிலைய ரயில் நிலையத்திலேயே ஆக்டோபஸைக் கொடுத்து வைப்புத்தொகையையும் மீதியையும் வாங்கிக்கொள்ளலாம். வாங்கி மூன்று மாதம் ஆகாவிட்டால் சிறு தொகை பிடிப்பார்கள். மீண்டும் வரும் எண்ணம் இருந்தால் திருப்பிக் கொடுக்கவே தேவையில்லை. சுயிகாவைக் கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து பத்து ஆண்டுகள் வரை அது செல்லும். வங்கி அட்டையைத் தட்டியவர்கள் ஊர் திரும்பிய வாரத்தில் கணக்கு விவரத்தை எடுத்து, நாள்வாரியாகப் போன தொகையைத் தங்கள் தாளில் உள்ள பயணங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாளில் மட்டும் தொகை வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருந்தால், அன்று எங்கோ தட்ட மறந்திருப்பீர்கள். போக்குவரத்து நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த அட்டை எண்ணைப் பதிந்து, முடிவடையாத பயணத்தைச் சுட்டிக்காட்டித் திருத்தக் கேட்கும் வசதி லண்டன் போன்ற நகரங்களில் உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால், பெட்டியைப் பிரித்து அடுக்கி முடித்ததும் அந்த வேலையையும் முடித்துவிடுங்கள்.